கிளிகோர் பெயரில் ஒரு ஹீட்டர்

நேவென்காவின் விண்ணப்பத்தை நிரப்பியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அந்த இடம் வரும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

எங்கள் ஊரான ஷ்டிப்பின் தபால் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் என்னை யாரும் விடவில்லை. அரசாங்கத்திலிருந்து யாருக்குக் கடிதம் வந்தாலும் அது நேராக என் சமையலறை மேசைக்கு வந்துவிடும். "ரூஷா அக்காகிட்ட குடுங்க, அவங்க பாத்துப்பாங்க" என்பார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது பிடித்திருந்தது. காப்பி போட்டு வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கட்டம் கட்டமாக எழுதுவேன். என் கையெழுத்து அழகானது.

நேவென்காவின் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி. ஜெர்மனிக்குப் போகிற சட்டைகளைத் தைக்கும் தொழிற்சாலையில் காலர் பிரிவில் வேலை. இருபது வருடம் ஒரே பக்கமாகக் குனிந்து தைத்ததில் அவளுடைய வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். அதிகம் பேச மாட்டாள். பேசினால் கத்தரியால் நறுக்கியது போல இருக்கும்.

இந்த விண்ணப்பக் கதை தொடங்குவதற்குப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் அவள் கணவன் கிளிகோர் டயர் கழற்றும் பழைய இயந்திரம் ஒன்றை வாங்கக் கோச்சானி என்ற பக்கத்து ஊருக்குப் போனான். அங்கேயே தங்கிவிட்டான். அங்கே யாகோதா என்று ஒருத்தி. சண்டையோ சத்தமோ எதுவும் இல்லை. விவாகரத்து கூட ஆகவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "கோர்ட்டுக்குப் போக ஒரு நாள் லீவு போடணும் அக்கா. அவனுக்காக ஒரு நாள் சம்பளத்தை விடச் சொல்றீங்களா?" என்றாள்.

போனவன் தன் அம்மாவை விட்டுவிட்டுப் போனான். மாமியார் ஸ்தோயாவுக்குப் பக்கவாதம். இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் பாதி போய்விட்டது. ஆறு வருடம் படுக்கையில் கிடந்தாள். வேலைக்குப் போகும் முன் ஒருமுறை, வந்த பிறகு ஒருமுறை என்று அவளைத் துடைத்து, துணி மாற்றி, ஊட்டிவிட்டது நேவென்கா. வீட்டில் இருந்த பழைய மின்சார பாய்லர் ஒழுக ஆரம்பித்திருந்தது. விறகடுப்பில் பெரிய பானையில் தண்ணீர் காய வைத்து மாடிப்படி ஏற்றுவாள். ஒருநாள் பானை சரிந்து முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது. கட்டுப் போட்ட கையோடு மறுநாள் தொழிற்சாலைக்குப் போனாள். அந்த வாரக் கடைசியில் கடைக்குப் போய் சோலார் ஹீட்டருக்கு முன்பணம் கட்டிவிட்டாள்.

மே மாதம் அதைக் கூரையில் ஏற்றினார்கள். இரண்டு கண்ணாடிப் பலகைகள், மேலே இருநூறு லிட்டர் தொட்டி. மூன்றாம் நாள் நான் எட்டிப் பார்த்தபோது, குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஸ்தோயாவை உட்கார வைத்து, குழாயைக் கையில் பிடித்து நேவென்கா தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். கிழவி கண்ணை மூடிக்கொண்டு கோணிய வாயால் "இன்னும், இன்னும்" என்றாள். "இருநூறு லிட்டர் இருக்கு அத்தை, பயப்படாதீங்க" என்றாள் நேவென்கா. அவள் சிரித்து நான் பார்த்த நாட்களில் அது ஒன்று.

அந்த மாதமே அறிவிப்பு வந்தது. வீட்டில் சோலார் ஹீட்டர் பொருத்தியவர்களுக்கு விலையில் மூன்றில் ஒரு பங்கை அரசாங்கம் திருப்பித் தரும். முதலில் வருபவருக்கு முதலில். நிதி தீர்ந்தால் கதவு மூடிவிடும். பத்திரிகையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"அவங்க தர்றாங்களா?" என்றாள் நேவென்கா. "வாங்கித்தானே அவங்களுக்குப் பழக்கம்."

"நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். நான் எழுதறேன். உன் ரெண்டு மாச சம்பளம்டி அது."

"எனக்கு வேலை இருக்கு அக்கா. தண்ணி சூடா வருது, அது போதும்."

விட்டிருக்கலாம். நான் விடவில்லை.

முதல் தேவை சொத்துப் பதிவுத் தாள். நில அளவை அலுவலகத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, ஒரு முறை உதட்டைப் பிதுக்கினாள்.

"ஹீட்டர் எங்கம்மா வச்சிருக்கீங்க?"

"கூரையில. வேற எங்க வைப்பாங்க?"

"எந்தக் கூரை? இங்க தரைத்தளம் மட்டும்தான் இருக்கு. மேல் மாடியே பதிவுல இல்ல. அப்போ அதுக்கு மேல இருக்கற கூரையும் இல்ல."

"நான் அதுக்குக் கீழதான் தூங்கறேன்."

"தூங்குங்க. பேப்பர்ல இல்லங்கறேன்."

அந்த மேல் மாடி 1996இல் கட்டியது. நேவென்கா முதலில் வேலை பார்த்த ஆலை மூடப்பட்டபோது கொடுத்த இழப்பீட்டுப் பணம் முழுவதும் அந்தச் செங்கல்லில்தான் போனது. அப்போது இந்தத் தெருவில் அனுமதி வாங்கிக் கட்டியவர் யாரும் இல்லை. இப்போது அப்படிக் கட்டிய வீடுகளை முறைப்படுத்திக்கொள்ள ஒரு சட்டம் வந்திருந்தது. ஆனால் மனு நில உரிமையாளர்தான் போட வேண்டும். நிலம் மாமனாரிடமிருந்து கிளிகோருக்கு வந்தது.

"அப்போ விடுங்க" என்றாள் நேவென்கா, படியிறங்கும்போதே.

"ஒரு கையெழுத்துதானே" என்றேன் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி கோச்சானிக்குப் போனோம். கிளிகோரின் டயர் கடை நெல்வயலை ஒட்டி, சாலை ஓரத்தில். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். தொப்பை போட்டிருந்தது. மற்றபடி அதே ஆள்தான், யாரையும் சிரித்தே வசப்படுத்துகிற ஆள்.

"நேவே! ரூஷா அக்கா! என்ன இது, மழை கொட்டப் போவுது. உள்ள வாங்க."

யாகோதா காப்பி கொண்டு வந்தாள். நேவென்காவின் கோப்பையைச் சற்று சத்தமாக வைத்தாள்.

"பன்னெண்டு வருஷம் கழிச்சு வழி தெரிஞ்சுதா?" என்றாள் யாகோதா.

"வழி தெரியும். வேலைதான் இல்ல" என்றாள் நேவென்கா. "உங்க அம்மாவுக்குக் குளிக்க வெந்நீர் ஹீட்டர் போட்டிருக்கேன், கிளிகோர். மானியம் வாங்க உன் கையெழுத்து வேணுமாம்."

"அம்மா எப்படி இருக்காங்க?"

"பஸ்சு ஒன்றரை மணி நேரம்தான். வந்து பாத்தா தெரியும்."

அவன் அதைக் காதில் வாங்காதவன் போலத் தலையை ஆட்டினான். "நீ இல்லேன்னா அம்மா கதி என்ன ஆயிருக்கும்? நான் எல்லார்கிட்டயும் சொல்றேன், யாகோதாவையே கேளு. குடு, எங்க போடணும்?"

படித்துக்கூடப் பார்க்கவில்லை. நான் விரலை வைத்த இடத்தில் எல்லாம் போட்டான். போகும்போது ஐந்து கிலோ அரிசி கட்டிக் கொடுத்தான். பஸ்ஸில் நான்தான் சந்தோஷமாக இருந்தேன். "பாத்தியா, எவ்வளவு சுலபமா முடிஞ்சிது" என்றேன். நேவென்கா மடியில் அரிசிப் பையை வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். "எதையும் இவ்வளவு சுலபமா குடுக்கறவன் இல்ல அவன்" என்றாள். அதற்கு நான் ஏதோ சமாதானம் சொன்னேன்.

மனுவில் ஒரு கட்டம் இருந்தது: மேல் மாடியைக் கட்டியவர் யார், யாருடைய செலவில். 'மனைவி' என்று எழுதினால் கூடுதலாக ஓர் உறுதிமொழி, அதற்கு நோட்டரி, அதற்கு இன்னொரு பயணம். நான் 'உரிமையாளர் கிளிகோர், சொந்தச் செலவில்' என்று எழுதினேன். வேகமாக முடியட்டும் என்றுதான். நேவென்காவிடம் சொன்னேனா என்று இப்போது யோசித்தால் நினைவில்லை. சொல்லியிருந்தால் அவள் நிமிர்ந்து பார்த்திருப்பாள். அப்படி ஒரு பார்வை எனக்கு நினைவில் இல்லை.

அளவெடுக்கிறவர் வந்தார், போனார். ஏழு மாதம் கழித்து மேல் மாடி பதிவில் ஏறியது. அதற்குள் அந்த வருட நிதி தீர்ந்துவிட்டது. அடுத்த வருட அறிவிப்புக்குக் காத்திருந்தோம். அதில் ஹீட்டர் வாங்கிய பில்லும் உரிமையாளர் பெயரில் இருக்க வேண்டும், பணம் உரிமையாளரின் வங்கிக் கணக்குக்குத்தான் போகும் என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள். ஹீட்டர் வாங்கிய கடைக்குப் போனோம்.

கடைக்காரர் தயங்கினார். "நேவென்காம்மா, தவணை தவணையா கொண்டுவந்து கட்டினது நீங்க. எதுக்கு அவர் பேருக்கு மாத்தணும்?"

"விதி அப்படி" என்றேன் நான், அவளுக்குப் பதிலாக.

அவர் பழைய பில்லைக் குறுக்கே கோடு போட்டு ரத்து செய்துவிட்டுப் புதிதாக எழுதித் தந்தார். அதையும் விண்ணப்பத்தையும் கிளிகோருக்கு அனுப்பிக் கையெழுத்தும் கணக்கு எண்ணும் வாங்கினேன்; பில்லின் ஒரு பிரதி அவனிடமே தங்கியது.

அறிவிப்பு திறந்த காலை, ஏழு மணிக்குத் தபால் நிலையக் கதவு திறக்கும்போதே நான் வாசலில் நின்றேன். என்னோடு வேலை பார்த்த பெண்தான் கவுண்டரில். நாளின் முதல் முத்திரை எங்கள் உறைமேல் விழுந்தது. மானியம் பெறுவோர் பட்டியல் வெளியானபோது எங்கள் வரிசை எண் நாற்பத்து மூன்று. நாடு முழுக்க நாற்பத்து மூன்று. தெருவில் பார்த்தவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அக்டோபரில் பணம் வந்துவிட்டதாகப் பக்கத்துத் தெருவில் ஒருவர் சொன்னார். அவருடைய எண் அறுபதுக்கு மேல். நேவென்கா கிளிகோருக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன், ஸ்பீக்கரைப் போட்டிருந்தாள்.

"வந்துச்சு, வந்துச்சு" என்றான். "சொல்லணும்னுதான் இருந்தேன் நேவே. குளிர்கால டயர் சீசன், சரக்கு எடுக்க வேண்டியிருந்துது. ஜனவரியில தர்றேன்."

பின்னால் யாகோதாவின் குரல் கேட்டது. "என்ன கணக்கு கேக்கறா? வீடு யாரோடது? ஹீட்டர் யார் வீட்டு மேல இருக்கு?"

நேவென்கா போனை அணைத்துவிட்டு அதை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். "ரெண்டு வருஷம் ஓடினோம் அக்கா" என்றாள். "அவனுக்கு டயர் வாங்கித் தர."

ஜனவரியில் பணம் வரவில்லை. ஸ்தோயா இறந்தாள். பனி உறைந்திருந்த ஒரு காலையில், நேவென்கா துணி மாற்றப் போனபோது உடம்பு ஆறிப்போயிருந்தது. அவளைக் கடைசியாகக் குளிப்பாட்டியதும் நேவென்காதான். நான் துண்டைப் பிடித்தேன். கிளிகோர் சவ அடக்கத்துக்கு வந்து, கல்லறையருகில் வாய்விட்டு அழுதான். பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள்.

நாற்பதாம் நாள் திதிக்கும் வந்தான். எங்கள் வழக்கப்படி கல்லறையில் அவித்த கோதுமை வைத்து, ஒயின் ஊற்றிவிட்டு, எல்லோரும் வீட்டுக்குச் சாப்பிட வந்தோம். பீன்ஸ், மீன், ரொட்டி. மேசையில் எனக்குத் தெரியாத ஒருவர் இருந்தார். நல்ல கோட்டு. சுவிட்சர்லாந்தில் இருக்கிறார், வயதான காலத்துக்கு ஊரில் ஒரு வீடு வேண்டும் என்றார். சாப்பிட்டு முடித்ததும் அவர் சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

நேவென்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"கிளிகோர், அவர் எதை அளக்கறார்?"

"சும்மா பாக்கறார் நேவே. இன்னிக்கு இதைப் பேச வேண்டாமே, அம்மா நாள்."

அந்த மனிதர் கீழே வந்து என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நான்தான் காகிதங்களைச் சரிசெய்தவள் என்று கிளிகோர் சொல்லியிருக்கிறான். "ரொம்ப நன்றிங்க" என்றார். "இந்த ஊர்ல எட்டு வீடு பாத்துட்டேன். எதுவும் பதிவுல ஒழுங்கா இல்ல. இது ஒண்ணுதான் கீழும் மேலும் ரெண்டு தளமும் சுத்தமா இருக்கு. ஹீட்டருக்குக்கூட பில் இருக்கு."

நான் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டேன்.

மறுநாள் அவளை வழக்கறிஞரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இளம்பெண், நன்றாகத்தான் கேட்டுக்கொண்டாள். "பரம்பரை நிலம் அவருக்கு. ஆனா மேல் மாடிக்கு உங்க பணம் போயிருந்தா வழக்கு போடலாம். ரசீது இருக்கா?"

"தொண்ணூத்தாறுல செங்கல் சூளைக்காரன் ரசீதா குடுத்தான்?" என்றாள் நேவென்கா.

"சாட்சி?"

"நான் இருக்கேன்" என்றேன். "அவ பணத்துலதான் கட்டினாங்க. தெருவுக்கே தெரியும்."

வழக்கறிஞர் கோப்பைப் புரட்டினாள். ஒரு தாளில் விரலை வைத்தாள். "'உரிமையாளர் கிளிகோர், சொந்தச் செலவில்.' இப்படி எழுதியிருக்கே. இது யார் எழுதினது?"

நான் தாளை என் பக்கம் இழுத்துப் பார்த்தேன்.

"நான்தான்" என்றேன்.

நேவென்கா என் பக்கம் திரும்பினாள். கோபம் இல்லை அந்த முகத்தில். தையல் பிரித்துப் பார்த்து, தப்பு எங்கே என்று கண்டுகொண்டவளைப் போலப் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"போடலாம், ஆனா வருஷக்கணக்குல இழுக்கும்" என்றாள் வழக்கறிஞர்.

"வேண்டாம்" என்றாள் நேவென்கா. "எனக்கு வயசு அறுபது. மிச்ச நாளை உங்க வராண்டாவுல உக்காந்து கழிக்க முடியாது."

ஏப்ரலில் விற்பனை முடிந்தது. வீட்டைக் காலி செய்ய அவளுக்கு ஒரு மாத அவகாசம் கொடுத்தார்கள். துணி, தையல் இயந்திரம், பாத்திரம் எல்லாவற்றையும் நாங்கள் சிலர் சேர்ந்து ஏற்றிவிட்டோம். கடைசி நாள், ஒரு சனிக்கிழமை, அவள் ஒரு குழாய்க்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஹீட்டரைக் கழற்ற. அவர் ஏணியைச் சாய்த்துக்கொண்டிருக்கும்போதே கிளிகோரின் கார் வந்து நின்றது. யாரோ தகவல் சொல்லியிருக்கிறார்கள்.

"நேவே, அத விடு. வீட்டோட சேர்த்து விலை பேசியாச்சு."

"இது நான் வாங்கினது. நீ இதுக்கு ஒரு டெனார் குடுக்கல. மானியத்தையும் தின்னுட்ட."

"பில் என் பேர்ல இருக்கு" என்றான். சிரிக்கவில்லை. இந்த முறை காகிதத்தை உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தான்.

நேவென்கா அசையாமல் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் போலீசைக் கூப்பிட்டான். வந்த போலீஸ்காரரை எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருடைய மனைவி நேவென்காவுக்குப் பக்கத்து மெஷினில் தைக்கிறவள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு பில்லைப் படித்தார். இரண்டு முறை படித்தார்.

"நேவென்கா அக்கா, எனக்குத் தெரியும். ஆனா பேப்பர்ல அவர் பேரு. நீங்க கழட்டினா நான் திருட்டுனு எழுதணும்."

"எழுத வேண்டாம்" என்றாள் அவள். ஏணியிலிருந்து கையை எடுத்தாள். "ஹீட்டர் அவன் பேர்ல. சரி. உள்ள இருக்கற தண்ணி யார் பேர்ல?"

போலீஸ்காரர் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"சாயங்காலம் வரைக்கும் வீடு எனக்குனு எழுத்துல இருக்கு. நான் குளிக்கப் போறேன்."

மாடிக்குப் போய்க் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். தண்ணீர் விழும் சத்தம் கீழே முற்றம் வரை கேட்டது. நல்ல வெயில் நாள், தொட்டி நிறைந்திருக்கும். கிளிகோர் காரில் சாய்ந்து சிகரெட் பிடித்தான். ஒன்று முடிந்ததும் இன்னொன்று. குழாய்க்காரர் ஏணியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். போலீஸ்காரர் போகலாமா என்று தெரியாமல் நின்றார். அரை மணி, முக்கால் மணி. ஒரு பெண் கதவுக்குப் பின்னால் குளிக்கிறாள், நாங்கள் எட்டுப் பேர் முற்றத்தில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒருவரை ஒருவர் பார்க்கவும் முடியவில்லை.

"எவ்வளவு நேரம்?" என்றான் கிளிகோர் கடைசியில்.

"இருநூறு லிட்டர்" என்றேன் நான்.

ஈரத் தலையைத் துணியால் கட்டிக்கொண்டு, முகம் சிவந்து, அவள் இறங்கி வந்தாள். சாவியை போலீஸ்காரர் கையில் வைத்தாள். கிளிகோர் நீட்டிய கையை அவள் பார்க்கவில்லை. "இப்ப சில்லுனுதான் வருது" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்து போனாள்.

இப்போது அவள் இருப்பது பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு பழைய அடுக்குமாடியின் நான்காவது தளத்தில். வாடகை வீடு. அவள் இருந்த வீட்டை வாங்கியவர் இன்னும் ஊர் திரும்பவில்லை. ஜூலையில் மூன்று வாரம் வருகிறார்கள், போகிறார்கள். மற்ற மாதங்களில் ஜன்னல்கள் மூடிக் கிடக்கின்றன. கூரையில் வெயில் அடிக்கிறது, தண்ணீர் காய்கிறது, இரவில் தானாக ஆறுகிறது.

நான் விண்ணப்பம் நிரப்புவதை நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டும் என்று நினைத்தேன், ஆனால் மேசைக்கு வருகிறவர்களை என்ன சொல்லித் திருப்பி அனுப்புவது? பேனாவை எடுக்கும் முன் இப்போது பெண்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன்: "வீடு யார் பேர்ல?" சிலருக்கு முகம் மாறிவிடுகிறது. ஒருத்தியின் கணவன் என் வாசலுக்கே வந்து, குடும்பத்தைக் கெடுக்கிறாய் என்று கத்திவிட்டுப் போனான்.

நேவென்கா என்னோடு பேசாமல் இல்லை. பார்த்தால் நிற்பாள், மூட்டுவலி எப்படி என்று கேட்பாள். என் வீட்டுக்குக் காப்பிக்கு வருவதில்லை; கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்பாள். போன செப்டம்பரில் சந்தையில் பார்த்தேன். அய்வார் என்ற குளிர்காலத் துவையலுக்காகச் சிவப்புக் குடைமிளகாய் மூட்டை ஒன்றைப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எனக்கு பென்ஷன் பேப்பர் வந்துடுச்சு" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "கொண்டு வா. இன்னிக்கே உக்காந்து எழுதிடலாம்."

"இல்லக்கா. நானே நிரப்பிட்டேன். அனுப்பியும் ஆச்சு." மூட்டையை இறங்கிய தோளில் ஏற்றிக்கொண்டாள். "சும்மா சொன்னேன்."